இல்ஃபோர்டில் அப்பாவைக் கொன்றது

என் அப்பாவை நான் முதன்முதலில் கொன்றது இல்ஃபோர்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூத்தோர் சங்கத்தின் மண்டபத்தில், பின்வரிசைக்கு வடை போய்க்கொண்டிருந்த நேரத்தில். அந்த நேரம் அவர் லண்டனின் வேறொரு மூலையில், பிளேஸ்டோவில் தன்னுடைய வீட்டில், சாரம் உடுத்தபடி கதிரையில் இருந்து தமிழ் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. கொஞ்சம் சீனி வருத்தம், கொஞ்சம் முழங்கால் நோ. சாகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

கொலைக்குக் காரணம் உத்தியோகம். ஒன்பது வருடம் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் செய்த எனக்கு, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு ஈமச்சடங்குக் கம்பனியில் பகல் வேலை கிடைத்தது. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போகிற வேலை. என் மனைவி கனடாவில் இருந்த தன் அக்காவுக்கு அதை "ஒஃபீஸ் வேலை" என்று சொன்னாள். என்ன ஒஃபீஸ் என்று அக்காவும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வேலை இதுதான். ஒருவர் உயிரோடு இருக்கும்போதே தன்னுடைய செத்தவீட்டுக்கு வேண்டிய பெட்டி, கார், தகனசாலை, ஐயர் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, தவணையில் காசும் கட்டி வைத்துவிடலாம். பிறகு பிள்ளைகள் அந்தரப்படத் தேவையில்லை. இந்தத் திட்டத்தைத் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பேசி விற்கவேண்டும். மூன்று மாதத்துக்குள் இருபது பேர் கையெழுத்து வைத்த படிவங்களைக் கொண்டுவந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் பெற்றோல் ஸ்டேஷன், கண்ணாடிக்குப் பின்னால், குடிகாரனுக்கு சிகரெட் விற்றபடி. அங்கே போவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவுக்கு அப்பா பலியானார்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். நல்ல மனுஷி, நல்ல சப்பாத்து. முதல் நாளே சொன்னார்: "விற்கப் போகாதீர்கள். உங்கள் உண்மையைச் சொல்லப் போங்கள். பொய் சொன்னால் சபை மோப்பம் பிடித்துவிடும்." நான் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாற்பது வருடமாக எங்கள் சங்கத் தலைவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த சபை அது. அவர்கள் மோப்பம் பிடிப்பது சமையலறைப் பக்கத்தைத்தான்.

முதல் கூட்டம் ரெய்னர்ஸ் லேனில். மங்கல விளக்கு ஏற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். தலைவர் பண்பாட்டைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். என்னை அறிமுகப்படுத்தும்போது, நான் எதை விற்கிறேன் என்பதை மட்டும் கவனமாக விட்டுவிட்டு, "தம்பி ஒரு பிரயோசனமான விசயம் சொல்லுவார்" என்றார். நான் கம்பனி தந்த கைநூலை எல்லோருக்கும் கொடுத்தேன். அதன் அட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் பூங்கா வாங்கில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாய். சனங்கள் வாங்கிப் பார்த்துவிட்டு நாயைப் பற்றிக் கதைத்தார்கள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "நாங்கள் எல்லாரும் ஒரு நாளைக்குச் சாகத்தான் போறம்."

விளக்கு எரிகிற மேடையில் இதைச் சொல்லலாமா என்று ஒரு தரமாவது யோசித்திருக்கவேண்டும். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பிப்போய் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்தார். ஒரு பெரியவர் "சிவ சிவா" என்று காதைப் பொத்தினார். எங்கள் ஆட்கள் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதுகூடப் போறன் என்று சொல்லமாட்டார்கள், போட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட சனத்துக்கு நான் ஒருவழிப் பயணம் விற்க வந்திருந்தேன். பத்தாவது நிமிடம் தலைவர் பின்னால் வந்து என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, பிள்ளையளின்ர டான்ஸ் இருக்கு. கெதியா முடியுங்கோ."

படிவம் ஒன்றுகூட நிரம்பவில்லை. கம்பனியின் பேர் பொறித்த இலவசப் பேனாக்கள் மட்டும் நூற்றிருபதும் போய்விட்டன. சிலர் இரண்டிரண்டாக எடுத்தார்கள்.

அடுத்த நாள் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார்: "உன் கதை எங்கே? உனக்கு நெருக்கமான ஒருவர் போயிருப்பாரே. அந்த வலியைச் சொல். சின்னச் சின்ன விபரங்களோடு சொல். விபரம்தான் நம்பவைக்கும்."

அப்படி ஒரு கதை என்னிடம் இருக்கத்தான் செய்தது. என் அம்மா ஊரில் செத்தபோது எனக்கு இங்கே விசா இல்லை. போகமுடியவில்லை. செத்த செய்தியை ஒரு டெலிபோன் கடையில், பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்க, நின்றபடி கேட்டேன். அதை மேடையில் சொன்னால் மண்டபமே உருகியிருக்கும். ஆனால் அந்தக் கதையை எடுத்துப் படிவத்தோடு சேர்த்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவை விற்கமாட்டேன். அப்பாவை விற்கலாம் என்று பட்டது. அவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு ஒன்றும் நட்டமில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஊரில் போஸ்ட் மாஸ்டர். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர். அந்தக் காலத்தில் சாவுச் செய்தி தந்தியில் வரும். யார் செத்தாலும் ஊரில் முதலில் அறிகிறவர் அவர்தான். மத்தியானச் சாப்பாட்டை அரைவாசியில் விட்டுவிட்டுத் தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். செய்தி உரிய ஆளின் கையில் சேரவேண்டும், அதில் அவர் கறார். அம்மா போன பிறகு நான் அவரை இங்கே கூப்பிட்டு, பிளேஸ்டோவில் கவுன்சிலின் முதியோர் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்தேன். லண்டனில் அவருக்குத் தபால் கந்தோர் இல்லை. ரேடியோ இருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு மாமனார் என்று ஒரு பெரிய குடும்பமே வரும். அப்பா ஒற்றைத் தாளில் குறிப்பு எடுப்பார். ஏழரைக்கு எனக்குப் போன் அடிப்பார்.

"தம்பி, ஒரு செய்தி. எங்கட பழைய ஓவசியர் முடிஞ்சுதாம். ரொறன்ரோவில."

ரோட்டு வேலை பார்த்த அந்த ஓவசியரை எனக்குத் தெரியாது. அவருடைய மருமகனையும் தெரியாது. ஏழரை மணிக்கு நான் ஒன்றில் பஸ்ஸில் நிற்பேன், அல்லது பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன், அல்லது ஒன்றும் செய்யாமல் இருப்பேன். கையில் போன் அதிரும். அவருடைய நம்பர் தெரியும். பிறகு எடுக்கலாம் என்று சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன். சனிக்கிழமை சாமான் வாங்கிக்கொண்டு போகத்தானே போகிறேன், அந்தக் கிழமை செத்த எல்லோரையும் அப்போது ஒன்றாகக் கேட்கலாம் என்பது என் நியாயம். ஐந்து தரம் அடித்தால் ஒரு தரம் எடுத்திருப்பேன்.

இல்ஃபோர்டுக்குப் போகிற வழியில், ரயிலில் இருந்தபடி, அப்பாவின் சாவைக் கட்டினேன். அது ஒன்றும் கடினமான வேலை அல்ல. லண்டனில் நான் போன செத்தவீடுகள் கொஞ்சமா? ஒன்றிலிருந்து டிசம்பர் நத்தார் விடுமுறையை எடுத்தேன். தகனசாலையில் இடம் கிடைக்காமல் மூன்று கிழமை பிரேதம் காத்துக்கிடந்தது. இன்னொன்றிலிருந்து தகனசாலை ஒதுக்கித் தருகிற நாற்பது நிமிட நேரத்தை எடுத்தேன். அதில் முப்பது நிமிடத்தை ஏழு தலைவர்கள் மைக்கைப் பிடித்துத் தின்றுவிட, ஐயர் கிரியையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினார், வெளியே அடுத்த பிரேதத்தோடு வெள்ளைக்காரர் மழையில் நின்றார்கள். வேறொன்றில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தத்தோடு வர, தகனசாலை அதிகாரி ஓடிவந்து மறித்தார். பிரேதத்தை எரிக்கிற கட்டிடத்துக்குள் நெருப்புக் கொண்டுவரக்கூடாதாம், பாதுகாப்பு விதியாம். எல்லாம் உண்மை. பிணம் மட்டும்தான் வேறு.

மேடையில் ஏறி, கைநூலைக் கீழே வைத்துவிட்டு, "போன மாரிக்கு என்ர அப்பா செத்தவர்" என்று தொடங்கினேன். பெண்மணி சொன்னபடி விபரம் கொடுத்தேன். போஸ்ட் மாஸ்டர், பிளேஸ்டோ, மூன்றாம் மாடி, ரேடியோ. நெய்ப்பந்தத்துக்குச் சிரித்தார்கள். ஏழு தலைவர்களுக்கு இன்னும் அதிகம் சிரித்தார்கள். மேடையில் இருந்த தலைவரும் அது வேறு தலைவர்களைப் பற்றியது என்று நினைத்துச் சிரித்தார். அவ்வளவில் முடித்து, திட்டத்துக்கு வரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வாய் நிற்கவில்லை.

"சாகிற அண்டு ஏழரைக்கு அப்பா எனக்குப் போன் அடிச்சவர். நான் எடுக்கேல்லை. கையிலதான் வைச்சிருந்தனான். பேந்து எடுப்பம் எண்டு விட்டிட்டன்."

ரயிலில் கட்டிய கதையில் இது இருக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று நின்று யோசிக்கவும் எனக்கு நேரமில்லை. வடைத் தட்டு அப்படியே நின்றது. ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் போன் எடுக்காத ஒரு மகனோ மகளோ இருந்திருக்கவேண்டும். அன்றைக்கு எட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள்.

திங்கட்கிழமை பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் அப்பாவுக்காக வருந்துகிறேன்" என்றார். நான் தலையைக் குனிந்தேன். துக்கத்தில் குனிகிறேன் என்று அவர் நினைத்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கொலை பழகிவிட்டது. வேறு இரண்டு சங்கங்களில் கொன்றேன். கடைசியாக ஈஸ்ட்ஹாமில் கொன்றேன். ஓரிடத்தில் மாரடைப்பு, ஓரிடத்தில் நிமோனியா. சபை மந்தமாக இருந்தால் காத்துக்கிடந்த நாட்களைக் கொஞ்சம் கூட்டுவேன். போன் அடித்ததை மட்டும் எந்த இடத்திலும் மாற்றவில்லை. ஈஸ்ட்ஹாம் முடிந்தபோது பதினேழு படிவங்கள் சேர்ந்திருந்தன. இன்னும் மூன்று வேண்டும். மூன்று மாதம் முடிய ஒரேயொரு கூட்டம் இருந்தது, அதுவும் பிளேஸ்டோவில்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வழக்கத்துக்கு மாறாக ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் அடித்தார். ஓவசியரைவிடப் பெரிய ஆள் யாரோ செத்திருக்கிறார் என்று நினைத்து, நான் எடுக்கவில்லை.

சனிக்கிழமை சாமான்களோடு போனேன். மேசையில், ஐஸ்கிரீம் டப்பாவில் சோறு, இன்னொன்றில் பருப்பு, இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு. எல்லாம் மரக்கறி. செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்பதால் அயலார் சமைத்துக் கொண்டுவருகிற சாப்பாடு அப்படித்தான் இருக்கும்.

"ஆர் தந்தது?" என்று கேட்டேன்.

"கீழ்வீட்டுப் பிள்ளை. நான் செத்ததுக்கு."

அப்பா பிள்ளை என்று சொன்னது இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மாவை. அறுபது தாண்டியவர். ஆறு மாதம் மகளோடு கனடாவில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். வந்த கிழமையே ஈஸ்ட்ஹாம் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், என் பேச்சைக் கேட்டிருக்கிறார், அழுதிருக்கிறார், கையெழுத்தும் வைத்திருக்கிறார். பதினேழாவது படிவம் அவருடையது. போஸ்ட் மாஸ்டர், பிளேஸ்டோ, மூன்றாம் மாடி என்றால் எங்கள் மேல்வீட்டு ஐயாதான், நான் இல்லாத நேரத்தில் மனுசன் போய்விட்டாரே என்று கவலைப்பட்டிருக்கிறார். மேலே ரேடியோச் சத்தம் கேட்க, வீட்டை ஒதுக்குவதற்குப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, அவர்களிடம் துக்கம் விசாரிக்கச் சமைத்துக்கொண்டு போயிருக்கிறார். மணியடித்தால் கதவைத் திறந்தது பிரேதம்.

அப்பா அதை எனக்கு வரிசைப்படி சொன்னார். தந்தி வாசிக்கிற குரல், கூட்டாமல் குறைக்காமல்.

"'ஐயா, நீங்கள் செத்துப்போனியள் எல்லே' எண்டு கேட்டா. நான் 'எப்ப' எண்டு கேட்டன். 'போன மாரிக்கு' எண்டா. 'உங்கட மகன்தான் மேடையில சொன்னவர்' எண்டா. சரி, உள்ள வந்து இருந்து வடிவாச் சொல்லுங்கோ எண்டு சொன்னன்."

அந்த அம்மா உள்ளே வந்து இருந்து, வடிவாகச் சொல்லியிருக்கிறார். அப்பா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். தன் செத்தவீட்டை ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கிறார்.

"நல்ல சனமாம்," என்றார். "நானூறு பேராம். பந்தம் பிடிக்க விடேல்லையாம். மூண்டு கிழமை என்னைக் கிடத்தி வைச்சியாம்."

"அப்பா, அது வேலைக்குச் சொன்னது," என்றேன். "இருபது படிவம் வேணும். இல்லாட்டி வேலை போகும்."

"விளங்குது. கதையில பிழையில்லை." அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "கடைசியில ஒண்டு சொன்னா. நான் போன் அடிச்சனானாம், நீ எடுக்கேல்லையாம். அதையும் சோடிச்சுத்தான் சொன்னியோ?"

ஒன்பது வருடப் பெற்றோல் ஸ்டேஷனில் எத்தனையோ பேர் என்னை எத்தனையோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கும் இப்படி வெட்கப்பட்டதில்லை.

"இல்லை," என்றேன். "அது மட்டும் சோடிக்கேல்லை."

"எனக்குத் தெரியும்," என்றார். பிறகு சோற்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. நாளைக்கு இஞ்ச பிளேஸ்டோவில கூட்டமாம். நானும் வாறன். என்ர செத்தவீடு, நான் இல்லாம எப்பிடி?"

அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். உப்புப் புளி எல்லாம் அளவாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கோட்டுப் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, எனக்கு முன்னதாகவே போய் முதல் வரிசையில் இருந்தார். பக்கத்தில் கீழ்வீட்டு அம்மா. நான் கொஞ்சமும் எதிர்பாராதது, அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் பெண்மணி. என் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாஷை விளங்காவிட்டாலும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். நான் கிட்டப் போவதற்குள் அப்பா எழும்பி, அவருக்குக் கை கொடுத்து, தபால் கந்தோர் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நான் இவருடைய காலஞ்சென்ற தகப்பன்."

பெண்மணி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். என் வேலை முடிந்தது என்று எனக்குப் பட்டது. பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த நிலையில்தான் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

மைக் முன்னால் நின்றேன். கதையை எங்கே தொடங்குவது? போன மாரிக்குச் செத்தவர் முதல் வரிசையில் கைகட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதும் விபரம் பிழைத்தால் திருத்துவதற்குத் தயாரான முகத்தோடு.

"என்ர அப்பா செத்த கதையை நாலு இடத்தில சொல்லி வித்தனான்," என்றேன். "அது பொய். அப்பா இந்தா முன்னுக்கு இருக்கிறார். அதைக் கேட்டுக் கையெழுத்து வைச்ச ஆக்கள் இஞ்ச இருந்தால், விரும்பினால் படிவத்தைத் திரும்ப வாங்கலாம்."

சபை உடனே நம்பவில்லை. இரண்டு மாதம் பொய்யை அழுது நம்பிய சனம், உண்மையைச் சொன்னதும் அத்தாட்சி கேட்டது. பின்னால் இருந்து ஒருவர், "ஐயா ஒருக்கா எழும்பிக் காட்டுங்கோ" என்றார். அப்பா எழும்பி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். கைதட்டினார்கள். ஒன்றும் விளங்காத பெண்மணியும் சேர்ந்து தட்டினார்.

"அப்ப நான் ஈஸ்ட்ஹாமில அழுததுக்கு ஆர் பொறுப்பு?" என்று வேறொரு அம்மா கேட்டார். அவர் கோபமாகத்தான் கேட்டார், ஆனால் எல்லோரும் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படிவத்தை ஒருவரும் திரும்பக் கேட்கவில்லை. ஒருவர் இன்னொரு பேனா கேட்டார்.

பிறகு மூன்றாம் வரிசையிலிருந்து, முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் கை தூக்கினார். "தம்பி, அப்ப உம்மட அப்பாவுக்கு உந்தத் திட்டம் எடுத்தாச்சோ?"

"இல்லை."

"உமக்கு?"

"எனக்கும் இல்லை."

"ஏன்?"

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித் தந்திருந்தார்கள். அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. "எனக்கு எடுக்க இன்னும் வயசு காணாது எண்டு நினைச்சன். அப்பாட்டைக் கேக்கப் பயம்," என்றேன். "கேட்டால், நீங்கள் சாகவேணும் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு நினைப்பாரோ எண்டு பயம். ஐயர் ஆர், பெட்டி என்ன, பேசுறது ஆர், ஒண்டும் எனக்குத் தெரியாது. அவர் இண்டைக்குச் செத்தால் எல்லாத்தையும் ஊகிச்சுத்தான் செய்வன். பிழையாத்தான் செய்வன். உங்கட பிள்ளையளும் உங்களைக் கேக்கமாட்டினம். அதே பயம்தான்."

அவ்வளவுதான் பேச்சு. நாலு நிமிடம் இருக்கும். அதில் ஒரு சொல்கூட ரயிலில் கட்டியது அல்ல. நான் இறங்கிப் படிவ மேசைக்கு வந்தபோது முழுக்கைச் சட்டைக்காரர் எனக்கு முன்னால் அங்கே நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. இருவரும் கையெழுத்து வைத்தார்கள். கூட்டம் தேத்தண்ணிப் பக்கம் போகத் தொடங்கியது. இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தது.

பெண்மணி வந்து மேசையில் விரலால் தட்டினார். "எத்தனை?"

"பத்தொன்பது."

அவர் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "இருபதானால் அந்த மனிதர் என்னிடம் சொன்னதை நான் கேட்கவில்லை," என்றார். உண்மையைப் பற்றி முதல் நாள் எனக்குப் பாடம் எடுத்த அதே மனுஷிதான். எனக்கு அவரில் அன்றைக்குத்தான் உண்மையான மரியாதை வந்தது.

அப்போது அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி மேசைக்கு வந்தார். "எனக்கும் ஒண்டு தா."

"அப்பா, எனக்காக எடுக்கவேண்டாம்."

"உனக்கு ஏன் எடுக்கிறன்? நீ ஊகிச்சுச் செய்வாயாம். பிழையாச் செய்வாயாம். சபையில சொன்னனீ எல்லே?"

என் எழுத்து அவருக்கு ஒருநாளும் பிடிக்காது. கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, படிவத்தை நிரப்பச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதினார், நான் நின்று கேட்டேன். பெட்டி மலிவானது, எரிக்கிற சாமானுக்கு வார்னிஷ் எதற்கு. ஐயர் ஒருவர், மைக் இல்லாமல். பேசுவது இரண்டு பேர், மூன்று மூன்று நிமிடம். சங்கத் தலைவர் என்றால் ஒருவரும் வேண்டாம். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடித்து, தன்னைப் பற்றி வெண்பா எழுதக்கூடாது. ரேடியோ அறிவித்தல் ஒரே ஒரு தரம். ஊரின் பேரைப் பிழையாக வாசித்தால் காசு கொடுக்கக்கூடாது. என் அம்மாவின் பேரை முதலில் சொல்லவேண்டும். இத்தனையும் அந்த மனுசனுக்குள் இருந்திருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு முன்னால் இருந்து மீன் ரின்னும் பாணும் அடுக்கிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு கேள்வி மிச்சம் இருந்தது. கீழ்வீட்டு அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். இறந்ததும் முதலில் அறிவிக்கவேண்டிய ஆளின் தொலைபேசி இலக்கம். வாசித்துவிட்டுப் பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இவன்ர வேண்டாம் பிள்ளை," என்றார் அப்பா. "இவன் எடுக்கமாட்டான். உங்கட நம்பரைப் போடுங்கோ. நான் செத்திட்டன் எண்டு கேள்விப்பட்டு வந்த ஒரே ஆள் நீங்கள்தானே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்மணியும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவர் பகிடி விடவில்லை, செய்தி போய்ச் சேரவேண்டிய இடத்தைச் சொன்னார். அந்த அம்மா தன் நம்பரை எழுதினார். அப்பா கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து, கையெழுத்து வைத்து, இருபதாவது படிவத்தை என்னிடம் நீட்டினார்.